முதலில் முறியும் வாக்கு: மந்தகாலத்தில் ஆளெடுப்பும் ஆள்கழிப்பும்

1

பொருளாதார மந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை வானிலை மாதிரியே பேசுகிறார்கள். மழை பொய்ப்பதுபோல, புயல் அடிப்பதுபோல மந்தமும் ‘வருகிறது’. வந்தால் எல்லாருக்கும் வருகிறது. மொதலாளிக்கும் கஷ்டம், ஆளுக்கும் கஷ்டம், ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போகணும் என்று கடைவீதியில் சொல்கிறார்கள். வணிக மேலாண்மைப் புத்தகங்கள் இதையே கொஞ்சம் நாகரிகமான பாஷையில் சொல்கின்றன: செலவைக் குறை, ஆளைக் குறை, ரொக்கத்தைக் கையில் வை, கெட்டிக்கார ஆட்கள் மலிவாகக் கிடைக்கிற நேரம் இது, பார்த்து எடுத்துக்கொள். கடைசி அறிவுரையில்தான் விஷயம் வெளியே வருகிறது. ஒருத்தருக்கு வேலை போவதும் இன்னொருத்தருக்கு ஆள் மலிவதும் ஒரே நிகழ்ச்சி. அதை எந்தப் பக்கம் நின்று எழுதுவது என்பதில்தான் வரலாற்றெழுத்தின் அரசியல் இருக்கிறது.

ஒரு தொழிலை நடத்துவது என்பது பல பேருக்குப் பல வாக்குகளைக் கொடுத்து நடத்துவது. வட்டிக்காரருக்கு ஒரு வாக்கு, சரக்கு கொடுத்தவருக்கு ஒன்று, சர்க்காருக்கு வரி என்று ஒன்று, கட்டடத்துக்காரருக்கு வாடகை என்று ஒன்று, ஆளுக்குக் கூலி என்று ஒன்று. நல்ல காலத்தில் எல்லா வாக்கும் ஏறக்குறைய நிறைவேறிவிடுவதால் அவற்றுக்கு இடையிலான படிநிலை கண்ணில் படுவதில்லை. கை இறுகும்போதுதான் எது முதலில் முறிகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பது தெரியவருகிறது. இக்கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது. நான் சங்கராபுரத்துக்காரன். ஆகவே ‘உலகப் பெருமந்தம்’ என்று பெயர்பெற்ற 1930களை எங்கள் பக்கத்துப் புன்செயில் நின்று பார்க்கிறேன். அங்கிருந்து 2020க்கு வருகிறேன்.

2

சங்கராபுரம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பருக்கு முன்பு விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன்பு தென்னார்க்காடு. 1930களில் தென்னார்க்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுகா. மேற்கே கல்வராயன் மலை. மற்ற திசைகளில் ஏரிப் பாசனம் கொஞ்சம், மானாவாரிப் புன்செய் நிறைய. தென்னார்க்காட்டுப் புன்செயை உலகச் சந்தையோடு கட்டிப்போட்ட பயிர் மணிலாக்கொட்டை. எங்கள் வாயில் மல்லாட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே இந்த ஜில்லாவின் மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சுக்குப் போனது. மார்சேய் நகரத்து ஆலைகள் அதை எண்ணெயாக்கின. அந்த எண்ணெய் சோப்புக்குப் போனது. ஒரு பிரெஞ்சுக்காரர் கை கழுவுவதற்கும் கள்ளக்குறிச்சி தாலுகாவில் ஒருத்தி மல்லாட்டை ஆய்வதற்கும் இடையே ஒரு சங்கிலி இருந்தது என்பது கவிதை இல்லை, கணக்கு.

இந்தச் சங்கிலி கடனால் ஆனது. ஏற்றுமதிக் கம்பெனி துறைமுகத்து வியாபாரிக்கு முன்பணம் தரும். அவர் உள்ளூர் மண்டிக்காரருக்குத் தருவார். மண்டிக்காரர் விவசாயிக்கு விதைக்கும் வரிக்கும் தருவார். விவசாயி தன் ஆளுக்குத் தானியமோ காசோ தருவார். 1920களில் மல்லாட்டைக்கு நல்ல விலை இருந்ததால் கம்பும் வரகும் விளைந்த நிலங்கள் அதற்கு மாறின. 1929க்குப் பிறகு சங்கிலி மேல்முனையில் அறுந்தது. விலை ஒன்றிரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று, முன்பணமும் நின்றது. ஆனால் நிலவரி ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டது, கடனும் ரூபாயில் எழுதப்பட்டது. நூறு ரூபாய் கடன் நூறு ரூபாயாகவே இருந்தது. அதை அடைக்க முன்பு ஐந்து மூட்டை போதும் என்றால் இப்போது பத்து மூட்டைக்கு மேல் விற்க வேண்டும். 1930-இல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு மாகாணத்தின் கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-இல் டபிள்யூ.ஆர்.எஸ். சத்தியநாதன் அறிக்கை அதை 200 கோடி என்றது. தொகை மூன்றில் ஒரு பங்கு கூடியதாகத் தெரிந்தாலும், பொருளாகக் கணக்குப் பார்த்தால் பாரம் இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்து நடந்தது தெரிந்த கதை. பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்தது அடகுக்கடை வழியாகத் துறைமுகத்துக்குப் போனது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மதிப்பீட்டிலிருந்து வெளியேறிய பிறகு இந்தியாவிலிருந்து பல நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கம் கப்பலேறியது.

இந்த இடத்தில் தேசிய வரலாற்றெழுத்து வழக்கமாக ஒரு குற்றவாளியைக் காட்டும்: ரூபாய் மாற்று விகிதம். 1927-இல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று உயர்த்தி நிறுத்தியதால் ஏற்றுமதிப் பயிரின் விலை ரூபாய்க் கணக்கில் இன்னும் விழுந்தது. காங்கிரசும் ஆலை முதலாளிகளும் விகிதத்தைக் குறைக்கக் கேட்டார்கள். வெள்ளை அரசு கேட்கவில்லை. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த விகிதச் சண்டையிலேயே வேறு ஒரு குரல் இருந்தது. 1923-இல் ரூபாய் பற்றிப் புத்தகம் எழுதி, பிறகு ஹில்டன் யங் குழுவிடமும் கருத்துச் சொன்ன அம்பேத்கர், ரூபாயின் மதிப்பைத் தாழ்த்தினால் வருகிற லாபம் தேசம் முழுமைக்குமானதல்ல, வியாபார வர்க்கத்துக்கானது, அதன் விலையைக் கூலியில் வாழ்கிறவர்கள் கொடுக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். தேசத்துக்கு நட்டம் என்று சொல்லும்போது தேசத்தில் யாருக்கு என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதே கேள்வியை நாம் மந்தத்துக்கும் போடலாம். விலை விழுந்தது சரி, அது யாருக்கு என்னவாக விழுந்தது?

3

வெறும் ஏட்டுக் கணக்கில், விலைவாசி பாதியானால் கூலிக்காரருக்கு நல்லது. நாலணா கூலியில் முன்பு வாங்கிய கம்பைப்போல இரண்டு மடங்கு வாங்கலாம். மந்தகாலத்தில் கூலி விகிதம் தானிய விலை அளவுக்கு வேகமாக இறங்குவதில்லை என்பது பொருளாதார வரலாற்றில் பல இடங்களில் காணக்கிடைப்பது. அப்படியானால் 1930களில் கூலிக்காரர் நன்றாக இருந்திருக்க வேண்டுமே?

இங்கேதான் கூலி விகிதத்துக்கும் கூலி நாளுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. தென்னார்க்காட்டுக் கிராமத்தில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் படியாள். படியால் அளந்து தானியம் வாங்குகிறவர், வருஷம் முழுக்க ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டவர், பெரும்பாலும் தலித். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அவரை அந்த வாசலில் கட்டியிருக்கும். வேலை இல்லாத மாதத்திலும் அவருக்குப் படி உண்டு. அதற்காக எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போக வேண்டும். இன்னொருவர் தினக்கூலி. அவருக்குக் கட்டு இல்லை, படியும் இல்லை.

மந்தம் இந்த இரண்டு பேரையும் இரண்டு விதமாகத் தொட்டது. வரிக்கும் வட்டிக்கும் ரொக்கம் தேடி அலைகிற நிலக்காரருக்குச் சல்லிசாகக் கிடைப்பது தானியம், அருமையாகிப்போனது காசு. தினக்கூலிக்குக் காசு கொடுக்க வேண்டிய வேலைகளை அவர் தள்ளிப்போடுவார்: களையை ஒருமுறை குறைப்பார், வரப்பை அடுத்த வருஷம் பார்ப்பார், ஆள் விட்டுச் செய்ததைக் குடும்பத்தை இறக்கிச் செய்வார். கூலி விகிதம் ஏட்டில் அப்படியே இருக்கும். கூலி நாள் கரைந்துபோகும். படியாளின் விஷயத்தில் கரைவது வேறு. அவரை வருஷம் முழுக்க வைத்துச் சோறு போடுவது நல்ல காலத்தில் லாபம், ஏனென்றால் அறுவடையில் ஆள் தட்டுப்பாடு வராது. ஊரெல்லாம் வேலையில்லாமல் நிற்கும்போது அந்தக் காப்பீடு எதற்கு? வேணும்னா கூப்பிட்டா நாளைக்கே பத்துப் பேர் வர்றான். ஆகவே படியாளை நீக்காமலே படியாள் முறையை நீக்கலாம். கூப்பிடும் உரிமையை வைத்துக்கொண்டு, வேலையில்லா மாதத்துப் படியைக் கைவிட்டால் போதும். ஆள் மிஞ்சினார், கடமை கழிந்தது.

படியாள் முறையை நான் சிலாகிக்கவில்லை. அது அடிமைமுறையின் தம்பி. ஆனால் அது உடைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். படியாளின் பக்கத்தில் இருந்த கட்டு — கடன், சாதி, குடியிருக்கும் மனை — அவிழும் முன்பே, நிலக்காரர் பக்கத்தில் இருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. சுதந்திரத் தொழிலாளி உருவாகிறார் என்று மார்க்சியப் பாடநூல் சொல்லும் கட்டம் எங்கள் பக்கத்தில் முதலில் முதலாளியின் சுதந்திரமாகத்தான் வந்தது.

நமக்கு அருகிலேயே இதைத் தொடர்ந்து பார்த்த ஒரு கிராமம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களை அனுப்பி ஆராய்ந்த கிராமங்களில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. பெருமந்தத்தின் பின்பகுதியில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் வெளியிட்டார்கள். பிறகு 1980களிலும் 2008-இலும் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுக் கதையின் பெரும்போக்கு இதுதான்: ஒரு பெரிய வீட்டையும் அதன் படியாட்களையும் சுற்றி இருந்த ஊர், தினக்கூலிகளின் ஊராகி, பிறகு வெளியூர் வேலைக்குப் போகிறவர்களின் ஊராகிறது. இதில் விடுதலை இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் வேலையில்லாத நாளின் சுமையை யார் சுமப்பது என்ற கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் கீழ்நோக்கியே தள்ளப்பட்டது.

4

உள்ளூரில் நாள் கரைந்தால் கடல் தாண்டிப் போவது தென்னார்க்காட்டுக்காரருக்குப் பழைய வழி. 1930களில் அந்தக் கதவும் எதிர்த்திசையில் திறந்தது. ரப்பர் விலை விழுந்ததும் மலாயாத் தோட்டங்கள் 1930-இல் உதவிக் குடியேற்றத்தை நிறுத்தின. 1930 முதல் 1932 வரையான மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், பெரும்பாலும் தமிழர்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். அனுப்பிய செலவு எந்தப் பணத்திலிருந்து என்பதைக் கவனியுங்கள். தோட்டக்காரர்கள் தங்கள் ஆட்களின் கணக்குக்குத் தகுந்தபடி செலுத்திவந்த இந்தியர் குடியேற்ற நிதியிலிருந்து. ஆளைக் கொண்டுவருவதற்காக ஏற்பட்ட நிதி, ஆளைக் கழிப்பதற்கும் உதவியது. தங்கியவர்களுக்கு ஆண் கூலி நாளுக்கு 50 காசிலிருந்து 40 ஆகி, அதற்கும் கீழே போனது. 1934-இல் ரப்பர் நிமிர்ந்ததும் கதவு மறுபடி இந்தப் பக்கம் திறந்தது. தோட்ட முதலாளிக்குத் தென்னார்க்காட்டுக் கிராமம் ஒரு கிடங்கு. சரக்கு வேண்டாதபோது அங்கே போட்டுவைக்கலாம். கிடங்கு வாடகை தர வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த ஆளுக்குச் சோறு போடுவது அவருடைய அக்காவும் தம்பியும் பார்க்கிற கால் காணிப் புன்செய்.

பர்மாவில் இரண்டு காட்சிகள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்குக் கம்பெனிகள் வேலையில்லாத பர்மியர்களை எடுத்துக்கொண்டன. பேச்சுவார்த்தை முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர்களைப் போகச் சொன்னார்கள். வந்தவரும் போனவரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டவர் இரத்தத்தில் கால் வைக்கவில்லை. வரலாறு அதை ‘இந்திய – பர்மிய இனக்கலவரம்’ என்று பதிவு செய்தது. ஆளெடுப்பில் நடந்த ஒன்று இனமாகப் பெயர் மாறிய விதத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது காட்சி செட்டியார் கடைகள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நிலத்தில் 6 சதவீதம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் நிலமாக வந்து சேர்ந்தது. பலர் அதை விரும்பி வாங்கவில்லை என்பது உண்மை. வட்டிக்காரருக்கு ரொக்கம்தான் வேண்டும், சேறு வேண்டாம். ஆனாலும் நம் வரிசைக்கு இது முக்கியம். எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்கு, பணமாக நிறைவேறாவிட்டால் நிலமாக நிறைவேறுகிறது. நாளைக்கு வா என்று வாயால் சொன்ன வாக்கு நிறைவேறாவிட்டால் எதுவாகவும் மாறுவதில்லை, காற்றோடு போய்விடுகிறது.

5

எல்லாத் தொழிலும் படுத்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. 1930கள் தமிழ்நாட்டில் ஆலைகள் எழுந்த காலம். பருத்தி மலிவு, பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, நிலத்திலும் தானிய வியாபாரத்திலும் லாபம் இல்லையென்று முதல் நகரத்துக்கு நகர்ந்தது, கோவையைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. 1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் சுமார் 30 சர்க்கரை ஆலைகள். சில ஆண்டுகளில் 130க்கு மேல். எங்கள் ஜில்லாவிலேயே நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் பழைய ஆலை இருந்தது. ஆக, சுங்கவரியால் சர்க்கரைக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது. சர்க்கரை முதலுக்குக் கிடைத்த சுவர் கரும்பு வெட்டுகிறவரின் நாளுக்குக் கிடைக்கவில்லை.

ஆலைகள் எப்படி ஆள் எடுத்தன? 1931-இல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கை இதை விரிவாகப் பேசுகிறது. முதலாளி நேரடியாக ஆள் எடுப்பதில்லை, மேஸ்திரி எடுக்கிறார். வேலை கிடைக்க மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும், வேலையில் நிலைக்கவும் கொடுக்க வேண்டும். கேட்டில் நிற்கிற கூட்டம் பெரிதாகப் பெரிதாக வேலை என்பது உழைப்பை விற்கிற இடமாக இல்லாமல் காசு கொடுத்து வாங்குகிற பொருளாகிறது. மந்தகாலத்தில் நடப்பதன் சாரம் இந்தத் தலைகீழாக்கம். தொழிலாளி உழைப்பைக் கடனாகக் கொடுத்து மாதக் கடைசியில் கூலி வாங்குகிறார், ஆகவே முதலாளிக்குக் கடன் கொடுப்பவர் தொழிலாளிதான் என்று மார்க்ஸ் சொன்னார். கேட்டில் மேஸ்திரிக்குக் கொடுத்த காசு அந்தக் கடனுக்கு மேல் இன்னொரு கடன்.

மைக்கேல் கலேட்ஸ்கி 1943-இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் வேலை தருவது சாத்தியம் என்று தெரிந்த பிறகும் முதலாளிகள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பது அதன் கேள்வி. லாபம் கூடினாலும்கூட, ‘நாளைலேர்ந்து வராதே’ என்ற சொல்லின் பயம் போய்விடும். பயம் போனால் ஆலைக்குள் அதிகாரம் ஆட்டம் காணும் என்பது அவர் பதிலின் சுருக்கம். எங்கள் ஊர்க் கடைவீதியில் கலேட்ஸ்கியை யாரும் படித்ததில்லை. ஆனால் ‘ஆளுங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு’ என்ற புகாரை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

6

மந்தத்துக்கு அரசு கொடுத்த பதில் 1938-இல் வந்தது. ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. பழைய கடன்களில் நிலுவை வட்டி ரத்து. அசலைப்போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டிக்காரர்கள் கொதித்தார்கள். எழுத்தில் இருந்த வாக்கையே ஒரு சட்டம் குறைத்து எழுதியது என்ற வகையில் அது பெரிய காரியம். ஆனால் அச்சட்டத்தின் கண்ணில் விவசாயி யார்? நிலத்தில் ஏதோ ஒரு உரிமை — சொந்தமோ குத்தகையோ — உள்ளவர். படியாளுக்கு நிலம் இல்லை. ஆகவே அவர் விவசாயி இல்லை. ஆகவே அவரைப் பண்ணை வாசலில் கட்டிய கடன் அச்சட்டம் பார்க்கிற கடன் இல்லை. நிலம் உழுகிறவர் விவசாயி இல்லாமல் போன இந்த இலக்கணத்தை எந்த இலக்கண ஆசிரியரும் எழுதவில்லை, மந்திரிசபை எழுதியது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். நிலமுள்ளவரின் கடனுக்கும் நிலமற்றவரின் கடனுக்கும் இடையே சட்டம் வைத்த தூரம் 38 ஆண்டுகள்.

அதே 1976-இல்தான் எங்கள் மேற்குத் திசையில் இன்னொன்றும் நடந்தது. கல்வராயன் மலை அதுவரை மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன். மலையாளி என்று பதிவான பழங்குடி மக்கள் அந்த ஜாகீர்தார்களுக்கு வரியும் கட்டி, அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் வேலையும் செய்துவந்தார்கள். இந்தியா குடியரசாகிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகு, 1976-இல், அரசு ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. சமவெளியில் கடமையில்லாத கூலி, மலையில் கூலியில்லாத கடமை என்று இரண்டும் இருபது முப்பது மைல் இடைவெளியில் நடந்துகொண்டிருந்தன. மலை இறங்கியவர்களை முதலில் சந்தித்தவர் யார்? மேஸ்திரி. கையில் முன்பணம்.

இன்றும் எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் சேர்ப்பது முன்பணத்தில்தான். மழைக்கால மாதங்களில், வீட்டில் ஒன்றுமில்லாதபோது, பணம் கொடுக்கப்படுகிறது. தை மாசிக்குப் பிறகு குடும்பத்தோடு போய்க் கழிக்க வேண்டும். கையில் காசில்லாத நேரத்தில் பேசும் கூலி, வேலை நடக்கும் நேரத்துக் கூலியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷா வருஷம் ஒரு சின்ன மந்தம் வருகிறது. ஆளெடுப்பு அந்த நேரம் பார்த்து நடக்கிறது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கையில் தேங்கிய பழைய நோட்டை அடுத்த பருவத்துக்கான முன்பணமாகக் கொடுத்தவர்களை எங்கள் பகுதியிலேயே பார்த்தேன். வங்கி வாசலில் வரிசையில் நின்று அந்த நோட்டை மாற்றும் வேலையும் ஆளின் தலையில் விழுந்தது. முதலாளியின் நெருக்கடி, தொழிலாளியின் கடனாக உருமாற ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.

7

இதுவரை நான் வெளியே நின்று பேசுகிறவன்போலப் பேசிவிட்டேன். அப்படி இல்லை. நான் சங்கராபுரத்தில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மிஷின், மூன்று பேர் வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், எப்போதாவது நண்பர்களின் கவிதைப் புத்தகம். ஆகவே வாக்குகளின் வரிசை எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமல்ல.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் போயின. அச்சடித்த பத்திரிகைகள்கூட எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மார்ச் 29-இல் மத்திய உள்துறை, ஊரடங்குக் காலத்துக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு மே 17-ஓடு முடிந்துபோனது. ஜூன் 12-இல் உச்சநீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன்காரருக்குக் கிடைத்த மூச்சு ஐந்து மாதத்துக்கு மேல். கூலிக்காரருக்குக் கிடைத்தது ஏழு வாரம். அதுவும் எவ்வளவு கையில் வந்தது என்பது அவரவர் முதலாளியின் மனசைப் பொறுத்தது. 1938-இன் சட்டத்துக்கும் 1976-இன் சட்டத்துக்கும் இடையே இருந்த அதே தூரம், இப்போது வாரக்கணக்கில்.

என் மிஷினுக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியிடம் பத்துப் பக்க ஒப்பந்தம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. என்னிடம் வேலை பார்த்த மூன்று பேரிடமும் ஒரு காகிதம்கூட இல்லை. ஊர் முழுக்க அதுதான் வழக்கம். நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். தவணையைத் தள்ளினேன், கையில் இருந்ததை நாலாகப் பிரித்தோம், வேலை வந்த நாட்களை மூன்று பேரும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். தள்ளிய தவணைக்கு வட்டி ஏறிற்று, அது அந்தப் பத்துப் பக்கத்தில் எழுதியிருந்தபடிதான். பைண்டிங் பார்த்த பெண் மட்டும் ஆவணி வாக்கில், “அண்ணே, நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க, ஆனா எனக்கு வாரத்துல ஆறு நாள் வேணும்ணே, மூணு நாள்ல குடும்பம் ஓடாது” என்று சொல்லிவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு முழு அரசியல் பொருளாதாரம் இருக்கிறது. நல்லவராக இருப்பது கூலியாகாது. மூன்று நாளைச் சமமாகப் பங்கிட்டாலும் அது மூன்று நாள்தான்.

சின்ன முதலாளி என்கிற வர்க்கத்தைப் பற்றி நம் இடதுசாரி நண்பர்களுக்கு இரண்டு எண்ணம்தான் உண்டு: ஒன்று அவர் சுரண்டுகிறவர், அல்லது அவரும் பாவம் பாட்டாளிதான். இரண்டுமே உபயோகமில்லை. அவர் ஒரு கணு. மேலே எழுதப்பட்ட கடனும் கீழே எழுதப்படாத கூலியும் சந்திக்கிற இடம். மேலிருந்து வருகிற அழுத்தத்தைக் கீழே கடத்துவதற்கு அவருக்குக் கெட்ட மனசு தேவையில்லை. ஒப்பந்தம் இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும் அதைத் தானாகவே செய்துவிடும். ஆகவே மந்தகாலத்தில் முதலாளிகளுக்கு ஈரம் வேண்டும் என்று எழுதுவதால் பயனில்லை. எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

8

எழுத்து ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது. 2005-இல் நிறைவேறிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, அப்போதைய விழுப்புரம் மாவட்டமும் அதில் இருந்தது. சங்கராபுரம் வட்டாரத்துப் பெண்கள் கையில் முதன்முறையாக ஒரு அட்டை வந்தது. கேட்டால் 100 நாள் வேலை தர வேண்டும், தராவிட்டால் படி தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. வேலையில்லாத நாளுக்குப் படி! 1930களில் பண்ணை கைவிட்ட அந்தக் கடமையை, சாதிக் கட்டு இல்லாமல், அரசு எடுத்துக்கொண்ட மாதிரி. நடைமுறையில் நாள் குறைந்தது, கூலி தாமதமானது, அந்தப் படியை வாங்கியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் ‘வர மாட்டேன்’ என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. அதனால்தான் நிலக்காரர்களின் கோபம் முழுக்க அதன் மேல் திரும்பியது: நூறு நாள் வேலையால ஆளே கெடைக்கல. ஆள் கிடைக்கவில்லை என்பதன் பொருள், பழைய கூலிக்கு, கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்பது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றியது. நாட்கள் ஏட்டில் 125 ஆயின. கூடவே, விதைப்பு அறுவடைப் பருவங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் அதில் இடம் இருக்கிறது. அந்த நாட்களில் விவசாய வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். எண்ணிக்கை கூடியதைக் கொண்டாடுகிறவர்கள் இந்த 60 நாளைக் கவனிக்க வேண்டும். ஒரு தொழிலாளியின் பேரம் பேசும் பலம் அவருக்கு எத்தனை நாள் வேலை உண்டு என்பதில் மட்டும் இல்லை. எந்த நாளில் உண்டு என்பதில் இருக்கிறது. ஆள் தேவைப்படுகிற நாளில் மாற்று வழியை மூடிவிட்டு, தேவைப்படாத நாளில் திறந்துவைத்தால், மலாயாத் தோட்டக்காரர் எங்கள் கிராமத்தை வைத்திருந்த மாதிரி, அரசே ஒரு கிடங்கு நடத்துவதாகத்தான் ஆகும்.

அடுத்த மந்தம் வரும். அப்போதும் தொழிலதிபர்கள் சலுகை கேட்பார்கள், கடன் தள்ளிவைக்கப்படும், செலவைக் குறைக்கும் உத்திகளைப் பற்றிக் கருத்தரங்குகள் நடக்கும். நம் சங்கங்களும் அமைப்புகளும் அந்த நேரத்தில் நிவாரண அரிசிக்கு மட்டும் அணிவகுத்தால், 1938-இன் வரிசையே மறுபடி எழுதப்படும். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சாதாரணமானவை, வீரமற்றவை. கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பத்தின் முன்பணத்துக்கு ஒரு காகிதம். அதில் கூலி, நாள், கழிவுக் கணக்கு. அச்சகம், ஜவுளிக்கடை, மண்டி என்று சங்கராபுரம் மாதிரி ஊர்களில் மூன்று பேர் நான்கு பேர் வேலை செய்கிற இடங்களுக்கு ஒரு வேலைச் சீட்டு. முதலாளியின் கடன் தவணை எத்தனை மாதம் தள்ளிப்போகிறதோ அத்தனை மாதம் கூலிக்கும் பொறுப்பு உண்டு, அதில் ஒரு பங்கு அரசுடையது என்று ஒரு சட்டக் கோரிக்கை. என் அச்சகத்தில் இப்போது இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கான சீட்டை அவர்களே உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு பக்கம் வந்தது. ஃபைனான்ஸ் கம்பெனியின் பத்துப் பக்கத்துக்கு எதிரே அது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். சங்கராபுரம் வட்டாரத்தில் எத்தனை பேரிடம் அந்த ஒரு பக்கமாவது இருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்க முன்வந்தால், தாளும் அச்சும் என் பொறுப்பு.